டெஸ்ட் எழுதினால் எந்த கோர்ஸ் என்று தெரிந்துவிடுமா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மே மாதத்தில் எங்கள் வீட்டில் ஒரு கூத்து நடந்தது. அண்ணன் மகள் போனில் ஒரு டெஸ்ட் எழுதினாள். அமெரிக்கத் தொழிலாளர் துறை எல்லாருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் ஓ-நெட் ஆர்வச் சோதனை அது. அறுபது கேள்விகளை இருபது நிமிடத்தில் முடித்துவிட்டாள். கடைசியில் நீளமாக ஒரு தொழில் பட்டியல் வந்தது. அதில் ஆர்க்கிடெக்ட் என்ற பெயரும் இருந்தது, எல்லார் கண்ணும் அதில்தான் விழுந்தது. சாயங்காலத்துக்குள் ஊரிலிருக்கும் பாட்டி வரை செய்தி போய்விட்டது. "அவளுக்கு ஆர்க்கிடெக்ட்தான் வருமாம், கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு" என்று அண்ணி யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணனுக்குக் கோபம். "அறுபது கேள்வியில ஒருத்தி வாழ்க்கையைச் சொல்லிட முடியுமா? எல்லாம் டுபாக்கூர்" என்றார்.

இரண்டு பேர் சொன்னதும் தவறு, இரண்டும் ஒரே இடத்தில் தவறு. அந்த டெஸ்ட் எதைக் கேட்டது என்று இருவருமே பார்க்கவில்லை. கோர்ஸ் தேர்வுக்கு உதவும் சோதனைகளைப் பற்றி நம் வீடுகளில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான். ஒன்று அருள்வாக்கு, இல்லையென்றால் மோசடி. அதன் உள்ளே என்ன நடக்கிறது என்பது அப்படியொன்றும் கடினமான விஷயம் இல்லை.

பிடிக்கும், வரும்

அண்ணி சொன்ன வாக்கியத்தில் ஒரு சொல்லைக் கவனியுங்கள்: "வருமாம்." தமிழில் "எனக்குப் பாட்டு பிடிக்கும்" என்பதும் "எனக்குப் பாட்டு வரும்" என்பதும் வேறு வேறு. குளியலறையில் பாடுகிறவர்களுக்கும், வெளியே நின்று கேட்கிறவர்களுக்கும் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். டெஸ்ட் கேட்டது "பிடிக்குமா" என்று. வீடு அதை "வரும்" என்று படித்துவிட்டது.

"ஆப்டிட்யூட் டெஸ்ட்" என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்லும் பெயருக்குக் கீழே மூன்று தனித்தனிக் கருவிகள் இருக்கின்றன. எந்தச் செயல்கள் பிடிக்கும் என்று கேட்பது ஆர்வச் சோதனை. எது எவ்வளவு சுலபமாக வருகிறது என்று கணக்கும் படமும் கொடுத்துச் செய்யச் சொல்லிப் பார்ப்பது இயல்திறன் சோதனை. ஆப்டிட்யூட் என்பது உண்மையில் இதற்கு மட்டும் உரிய பெயர். மூன்றாவது, ஆள் எப்படிப்பட்டவர், கூட்டத்தை விரும்புகிறவரா தனிமையை விரும்புகிறவரா என்று கேட்கும் ஆளுமைச் சோதனை.

முதலாவதும் மூன்றாவதும் தன்மதிப்பீட்டுக் கருவிகள். அதாவது, தன்னைப் பற்றித் தானே சொல்லும் பதில்களிலிருந்து முடிவு சொல்பவை. அவற்றில் சரியான விடை, தவறான விடை என்று கிடையாது. இயல்திறன் சோதனையில் உண்டு. கையில் இருப்பது எந்த வகை என்று சந்தேகம் வந்தால் இந்த ஒன்றைப் பார்த்தாலே போதும்.

கண்ணாடிக் கடையில் நடப்பது

கண் பரிசோதனைக்குப் போயிருப்பீர்கள். கனமான ஒரு ஃபிரேமை மூக்கில் மாட்டிவிட்டு, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இதுல தெளிவா இருக்கா, முன்னாடி போட்டதுல தெளிவா இருந்துச்சா?" என்று கேட்பார்கள். பவர் என்ன என்பது பெருமளவு நாம் சொல்லும் பதிலிலிருந்துதான் வருகிறது. லென்ஸ் அவரிடம், பார்வை நம்மிடம். எழுத்துப் பலகையின் கடைசி வரியை மனப்பாடம் செய்துவைத்திருக்கும் சிறுவனுக்கோ, கூச்சத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டும் பிள்ளைக்கோ தப்பான கண்ணாடிதான் கிடைக்கும்.

தன்மதிப்பீட்டுக் கருவியும் இதே மாதிரிதான். நீங்கள் சொல்லாத எதுவும் அதற்குத் தெரியாது. நீங்கள் பார்த்தே இராத வேலையை உங்களுக்குப் பிடிக்குமா என்று அதனால் கண்டுபிடிக்க முடியாது. "அப்போ எனக்குத் தெரிஞ்சதையேதானே திருப்பிச் சொல்லுது?" என்று அண்ணன் மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. கண்ணாடிக் கடைக்காரரும் உங்கள் பதிலைத்தான் திருப்பித் தருகிறார், ஆனால் உங்களால் தனியாகச் செய்ய முடியாத ஒரு வரிசையில் அடுக்கி, மைனஸ் ஒன்றரை என்று எண்ணாக்கித் தருகிறார். அந்த அடுக்கும் வேலையில்தான் இத்துறையின் நூறு வருட உழைப்பு இருக்கிறது.

மளிகைப் பட்டியலைப் பார்த்துச் சமையலைச் சொல்வது

இதன் தொடக்கம் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில். ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் 1908-இல் இளைஞர்களுக்குத் தொழில் தேர்வில் உதவ ஓர் அலுவலகம் திறந்தார். அவர் முறை எளிமையானது: உன்னைத் தெரிந்துகொள், வேலைகளைத் தெரிந்துகொள், பிறகு இரண்டையும் பொருத்திப் பார். அதே ஆண்டில் அவர் இறந்துபோனார், அவருடைய புத்தகம் அடுத்த ஆண்டுதான் வெளிவந்தது. இன்றைய கோர்ஸ் ஆலோசனை எல்லாம் அடிப்படையில் அந்த மூன்று வரிதான்.

ஆனால் "உன்னைத் தெரிந்துகொள்" என்று சொல்வது சுலபம். பதினேழு வயதுப் பிள்ளையிடம் "உனக்கு எஞ்சினியர் வேலை பிடிக்குமா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? எஞ்சினியர் என்ன செய்கிறார் என்றே அதற்குத் தெரியாது. மாமா பையன் எஞ்சினியர், அவனிடம் கார் இருக்கிறது, ஆகவே பிடிக்கும்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் ஸ்ட்ராங் 1927-இல் வெளியிட்ட வினாத்தாள் இந்தச் சிக்கலைச் சாமர்த்தியமாகச் சுற்றிப் போனது. அவர் வேலையைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. பாடங்கள், பொழுதுபோக்குகள், மனிதர்களின் குணங்கள் என்று நூற்றுக்கணக்கில் சின்னச் சின்ன விஷயங்களைக் கொடுத்து, பிடிக்கும், பிடிக்காது, இரண்டுமில்லை என்று குறிக்கச் சொன்னார். அதே தாளை ஏற்கெனவே ஒரு தொழிலில் நிலைத்து இருப்பவர்களிடமும் கொடுத்தார். அவர்கள் பதில்கள் பொதுமக்களின் பதில்களிலிருந்து எங்கெல்லாம் விலகுகின்றன என்று பார்த்தார்.

மளிகைக் கடைக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், ஏலக்காய், நெய், முந்திரி என்று பட்டியல் வந்தால் வீட்டில் சர்க்கரைப் பொங்கல் என்று கேட்காமலே சொல்லிவிடுவார். எந்த ஒரு பொருளும் தனியாக எதையும் சொல்லவில்லை, சேர்க்கைதான் சொன்னது. பட்டியலில் உப்பு இருந்தால் அதை அவர் கண்டுகொள்ள மாட்டார், ஏனென்றால் உப்பு எல்லாரும் வாங்குகிறார்கள். ஸ்ட்ராங் செய்ததும் அதுதான். எல்லாரும் "பிடிக்கும்" என்கிற கேள்வி உப்பு மாதிரி, அதற்கு மதிப்பெண் இல்லை. வழக்கறிஞர்கள் மட்டும் விலகிப் பதில் சொல்லும் கேள்விதான் ஏலக்காய்.

இந்த முறைக்கு ஒரு குறை உண்டு, அது இன்றும் முழுதாகப் போகவில்லை. ஒரு தொழிலில் யார் இருக்கிறார்களோ அவர்களுடைய சாயல்தான் அளவுகோல் ஆகிறது. ஸ்ட்ராங் வினாத்தாளில் ஆண்களுக்கு நீலத் தாள், பெண்களுக்கு இளஞ்சிவப்புத் தாள் என்று தனித்தனியாக இருந்தன. இரண்டையும் ஒன்றாக்கியது 1974-இல்தான். அதுவரை எழுதிய பெண்களுக்கு என்னென்ன தொழில்கள் பட்டியலிலேயே வராமல் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதுவரை பார்த்தது: ஆர்வச் சோதனை உங்கள் பதில்களை மட்டுமே வைத்து வேலை செய்கிறது. அந்தப் பதில்களின் சேர்க்கையை, அந்தந்தத் தொழிலில் இருப்பவர்களின் சேர்க்கையோடு ஒப்பிடுகிறது. "இவர்களோடு உங்களுக்கு ரசனை ஒத்துப்போகிறது" என்பதுதான் அதன் முழுப் பொருள். அவர்கள் செய்யும் வேலையை உங்களால் செய்ய முடியுமா என்று அது பார்க்கவே இல்லை.

ஆறு மூலை

தொழில்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தனி ஒப்பீடு செய்துகொண்டிருக்க முடியாது. இதைச் சுருக்கியவர் ஜான் ஹாலண்ட். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் புதிதாகச் சேர வருபவர்களை நேர்காணல் செய்யும் வேலை அவருக்கு. நாள் முழுக்க ஆட்களின் முந்தைய வேலைகளைக் கேட்டுக் கேட்டு, மனிதர்கள் சில வகைகளுக்குள் அடங்கிவிடுகிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது. 1959-இல் அதைக் கோட்பாடாக வெளியிட்டார். அண்ணன் மகள் எழுதிய டெஸ்ட் உட்பட இன்று புழக்கத்தில் உள்ள ஆர்வச் சோதனைகளில் பெரும்பாலானவை இந்த ஆறு வகைகளின் மேல்தான் நிற்கின்றன.

ரியலிஸ்டிக் என்று அவர் பெயர் வைத்தது கையால் பொருளைத் தொட்டுச் செய்யும் வேலை: மெக்கானிக், விவசாயம், எலக்ட்ரீஷியன். இதை "செயல்" என்று வைத்துக்கொள்வோம். இன்வெஸ்டிகேட்டிவ் என்பது ஏன், எப்படி என்று தோண்டிக்கொண்டே இருக்கும் "ஆய்வு". ஆர்ட்டிஸ்டிக் என்பது "கலை". சோஷியல் என்பது சொல்லிக்கொடுப்பது, கவனித்துக்கொள்வது, ஆற்றுப்படுத்துவது. "தொண்டு" என்ற சொல் கொஞ்சம் கனமாக இருந்தாலும் பொருந்தும். என்டர்பிரைசிங் என்பது பேசி விற்பது, ஆட்களைச் சேர்த்து ஒரு காரியத்தை முன்னின்று நடத்துவது, "முனைப்பு" எனலாம். கன்வென்ஷனல் என்பது கணக்கு, பதிவு, கோப்பு என்று எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும் என்ற "ஒழுங்கு". ஆங்கிலப் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து ரியாசெக் என்பார்கள்.

ஆறையும் ஹாலண்ட் அதே வரிசையில் ஓர் அறுகோணத்தின் மூலைகளில் வைத்தார். பக்கத்துப் பக்கத்து மூலைகள் ஒத்தவை, எதிரெதிர் மூலைகள் மிகவும் வேறுபட்டவை. செயலுக்கு எதிரே தொண்டு, ஆய்வுக்கு எதிரே முனைப்பு, கலைக்கு எதிரே ஒழுங்கு. யாரும் ஒரே மூலையில் உட்கார்ந்திருப்பதில்லை. அதனால்தான் முடிவை ஒரு எழுத்தாகச் சொல்லாமல், அதிக மதிப்பெண் வாங்கிய மூன்று எழுத்துகளின் கோவையாகச் சொல்கிறார்கள்.

அண்ணன் மகளுக்கு கலை 29, ஒழுங்கு 28, ஆய்வு 27. அறுகோணப் படத்தைப் பார்த்த என் தம்பி, "கலையும் ஒழுங்கும் எதிர் எதிர் மூலை. அப்படி வந்தா குழப்பமான ஆளுன்னு அர்த்தம்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டான். அர்த்தம் அதுவல்ல. எதிர் மூலைகள் இரண்டும் ஒன்றாகக் கேட்கப்படும் வேலைகள் குறைவு, தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் அன்று இரவு முழுக்க அவளை "ஃபைல் போடும் பிகாசோ" என்று கிண்டல் செய்தோம்.

29-க்கும் 27-க்கும் என்ன வித்தியாசம்?

அந்தச் சோதனையில் ஒவ்வொரு வகைக்கும் பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் "கொஞ்சம்கூடப் பிடிக்காது" முதல் "ரொம்பப் பிடிக்கும்" வரை ஐந்து நிலை. ஒரே ஒரு கேள்வியில் ஒரு படி ஏற்றிப் போட்டால் ஒரு மதிப்பெண் கூடிவிடும். அப்படியானால் 29, 28, 27 என்பவை மூன்றும் சமம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். சாப்பிட்ட பிறகு எழுதியிருந்தால் வரிசை மாறியிருக்கும். 29, 18, 11 என்று வந்திருந்தால் அது வேறு கதை.

இங்கே இரண்டு சொற்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு தராசில் அதே பொருளை மூன்று முறை வைத்தாலும் அதே எடை காட்டினால் அதற்கு நம்பகத்தன்மை இருக்கிறது. அந்த எடையை வைத்து நாம் சொல்ல நினைப்பதைச் சொல்ல முடிந்தால் ஏற்புடைமை இருக்கிறது. மூன்று முறையும் 52 கிலோ காட்டும் நல்ல தராசுதான், ஆனால் அதை வைத்து ஒருவரின் உயரத்தைச் சொல்ல முடியாது. அது தராசின் குற்றமா?

நன்றாகச் செய்யப்பட்ட ஆர்வச் சோதனைகளுக்கு நம்பகத்தன்மை நல்லபடியாகவே இருக்கிறது. வயது மட்டும் கொஞ்சம் விளையாடும். பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளைத் தொகுத்ததில், பள்ளி வயதில் ஓரளவு நிலையாக இருக்கும் ஆர்வங்கள் 18 முதல் 22 வயதுக்குள் கணிசமாகக் கெட்டிப்படுகின்றன என்று தெரிகிறது. பத்தாம் வகுப்பு முடித்து குரூப் எடுக்கும்போது எழுதிய டெஸ்டை அதனால்தான் இன்னும் இளக்கமாகப் படிக்க வேண்டும். நம் ஊரில் அந்தப் பதினைந்து வயது முடிவுதான் பாதிக் கதவுகளைச் சாத்திவிடுகிறது என்பது வேறு வருத்தம்.

ஏற்புடைமைக்கு வந்தால் பதில் மங்கலாகும். ஆர்வம் பொருந்திய வேலையில் இருப்பவர்கள் நிறைவாக இருக்கிறார்களா? தொடர்பு உண்டு, ஆனால் நாம் எதிர்பார்ப்பதைவிடச் சிறியது. மேலதிகாரி, சம்பளம், வீட்டுக்கும் ஆபீசுக்கும் உள்ள தூரம் எல்லாம் அந்த நிறைவுக்குள் கை வைக்கின்றன. எந்தத் திசையில் தேடலாம் என்று கேட்டால் ஆர்வச் சோதனை உருப்படியான பதில் தரும். "இந்த சீட்டை எடுத்தால் சந்தோஷமாக இருப்பேனா" என்று கேட்டால், எடை பார்க்கும் தராசில் உயரம் கேட்கிறோம்.

மதிப்பெண் பற்றி இன்னொன்று. கட்-ஆஃப் 190 என்று ஒரு பிள்ளை சொன்னால் அடுத்த கேள்வி என்ன? "போன வருஷம் எவ்வளவுல முடிஞ்சுது?" மற்றவர்கள் எவ்வளவு வாங்கினார்கள் என்று தெரியாமல் 190-க்கு அர்த்தமில்லை என்பது தமிழ்நாட்டில் எல்லா அப்பா அம்மாவுக்கும் தெரியும். சோதனை மதிப்பெண்ணையும் அப்படித்தான் கேட்க வேண்டும்: யாரோடு ஒப்பிட்டு? ஒப்பிடப்படும் அந்தக் கூட்டத்துக்கு ஒப்பீட்டுக் குழு என்று பெயர். ஓ-நெட் பட்டியலில் 900-க்கும் மேற்பட்ட தொழில்கள் இருக்கின்றன, அத்தனையும் அமெரிக்கத் தொழில்கள். கிராம நிர்வாக அலுவலர் அதில் இல்லை. திருப்பூரில் ஏற்றுமதி ஆர்டர் பார்க்கும் மெர்ச்சண்டைசர் எப்படி நாளை ஓட்டுகிறார் என்பதும் அதற்குத் தெரியாது.

செங்கல் பதிக்கப் பிடிக்குமா?

எனக்கு இந்த விஷயத்திலேயே முக்கியமாகப் படுவது இதுதான், இதை யாரும் பேசிக் கேட்டதில்லை.

அந்தச் சோதனையின் கேள்விகளில் "செங்கலோ தரை ஓடோ பதிப்பது" என்று ஒன்று. "சமையலறை அலமாரி செய்வது" என்று இன்னொன்று. அண்ணன் மகள் இரண்டுக்கும் யோசிக்காமல் "பிடிக்காது" போட்டாள். ஏன் என்று கேட்டேன். "அது கொத்தனார் வேலை, சித்தப்பா." அவ்வளவுதான் காரணம். ஆனால் இந்தப் பெண், சின்ன வயதில் மாடியில் மிச்சமிருந்த டைல்ஸ் துண்டுகளை வைத்து நாள் முழுக்கக் கோலம் மாதிரி அடுக்கிக்கொண்டிருந்தவள். வீட்டில் மிக்ஸி ரிப்பேரானால் அண்ணனுக்கு முன்னால் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பவள்.

சோதனையின் தொடக்கத்திலேயே சொல்லியிருக்கிறார்கள்: அதற்குப் படிப்பு இருக்கிறதா, எவ்வளவு சம்பளம் வரும் என்று யோசிக்காதீர்கள், அந்தச் செயலைச் செய்யப் பிடிக்குமா என்று மட்டும் பாருங்கள். நம் பிள்ளைகளால் அது லேசில் முடிவதில்லை. வேலையைப் பார்த்து மரியாதையும், வேலையோடு சாதியையும் ஒட்டிவைத்திருக்கும் ஊரில், "செங்கல் பதிக்கப் பிடிக்குமா" என்ற கேள்வி "நீ யார்" என்ற கேள்வியாகக் காதில் விழுகிறது. கை தானாக "பிடிக்காது" பக்கம் போகிறது. பத்துக் கேள்வியில் ஏழெட்டு இப்படிப் போனால், செயல் வகையின் மதிப்பெண் தரைக்குப் போய்விடும். அதன் பிறகு அதே பிள்ளை மெக்கானிக்கல் எஞ்சினியரிங் சேரும்போது, "டெஸ்டில் இவனுக்குச் செயல் ஆர்வமே இல்லையே" என்று ஆலோசகர் தலையைச் சொறிவார். ஆர்வம் இல்லாமல் இல்லை, கௌரவம் முந்திக்கொண்டது.

ஆண்பிள்ளைகளிடம் இதன் மறுபக்கம் நடக்கும். சின்னக் குழந்தைகளைக் கவனித்துக்கொள்வது, நோயாளிக்கு உதவுவது போன்ற கேள்விகள் வரும்போது பக்கத்தில் நண்பன் உட்கார்ந்திருந்தால் போதும், தொண்டு மதிப்பெண் அம்போ.

அதனால் இதை எழுதும்போது தனியாக உட்கார வேண்டும். வேலையின் பெயரை மறந்துவிட்டு, அந்தச் செயலை ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் பார்க்காத இடத்தில் செய்துகொண்டிருப்பதாக நினைத்துப் பதில் போட வேண்டும். இப்படிச் சொல்லி அவளை இரண்டாவது முறை எழுதவைத்தேன். செயல் வகை ஒன்பது மதிப்பெண் ஏறியது.

கிளி எடுத்த சீட்டு

எல்லாச் சோதனைகளும் ஒரே தரம் இல்லை. தரம் குறைந்ததை அடையாளம் காண, கிளி ஜோசியம் பார்த்த அனுபவம் உதவும். கிளி ஒரு சீட்டை எடுத்துக் கொடுக்கும். "உங்களுக்கு நல்ல மனசு, ஆனா செஞ்ச உதவிக்கு நன்றி கிடைக்காது" என்பார் ஜோசியர். நமக்குச் சிலிர்க்கும். அந்த வரி தெருவில் போகிற யாருக்கும் பொருந்தும் என்பது அப்போது தோன்றாது.

1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு ஆளுமைச் சோதனை வைத்தார். பின்பு ஒவ்வொருவரிடமும் "இது உன்னைப் பற்றிய முடிவு" என்று ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லாருக்கும் கொடுத்தது ஒரே தாள். அதிலிருந்த வரிகளையும் கடையில் விற்ற ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். யாருக்கும் பொருந்தும் வரிகளைத் தனக்கென்றே சொன்னதாக எடுத்துக்கொள்ளும் இந்த மயக்கத்துக்கு பார்னம் விளைவு என்று பெயர். ஆகவே "அப்படியே என்னைச் சொல்லிடுச்சு" என்பது ஒரு டெஸ்ட் நல்லது என்பதற்குச் சாட்சியாகாது.

நான்கு ஆங்கில எழுத்துகளில் உங்களைப் பதினாறு வகைகளுள் ஒன்றில் போடும் மயர்ஸ்-பிரிக்ஸ் சோதனையைப் பலர் எழுதியிருப்பீர்கள். கார்ல் யுங் 1921-இல் எழுதிய கருத்துகளை வைத்துக்கொண்டு ஒரு தாயும் மகளும் உருவாக்கியது அது. அதன் சிக்கலை இப்படிச் சொல்லலாம்: ஐந்தரை அடிக்கு மேல் இருந்தால் நெட்டை, கீழே இருந்தால் குட்டை, நடுவில் யாருமில்லை என்று ஊரைப் பிரித்தால் எப்படி இருக்கும்? பெரும்பாலானவர்கள் நடுவில்தான் இருக்கிறார்கள். கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பவர் சில வாரம் கழித்து எழுதினால் எழுத்து மாறிவிடும். வேலைக்கு ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அதை வெளியிடுபவர்களே சொல்கிறார்கள். நண்பர்களோடு உட்கார்ந்து பேச நல்ல விஷயம். கல்லூரி சீட்டை அதன் மேல் வைக்க வேண்டாம்.

விரல் ரேகையை ஸ்கேன் செய்து "உங்கள் குழந்தைக்கு காமர்ஸா சயின்ஸா" என்று சொல்லும் கடைகள் பற்றி ஒரு வரி போதும். விரல் ரேகை அம்மா வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகிறது. அதற்கும் எந்தப் பாடம் வரும் என்பதற்கும் தொடர்பு இருப்பதாக எந்த அறிவியல் ஆதாரமும் இல்லை. ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். கிளிக்காவது நெல்மணியோடு முடிந்துவிடும்.

சுருக்கமாக: மதிப்பெண்ணை வகைவாரியாகக் காட்டும், எதை அளக்கிறேன் என்று சொல்லும் சோதனையைக் கவனிக்கலாம். ஆளைப் புகழ்ந்து இரண்டு பக்கம் எழுதி, கடைசியில் ஒரே ஒரு கோர்ஸ் பெயரைச் சொல்லுகிறதா, மூடி வைத்துவிடலாம்.

சரி, வருமா என்பதை எப்படிப் பார்ப்பது?

"எனக்கு கணக்கு வருமா" என்று பிள்ளையையே கேட்டுப் பயனில்லை. தன் திறமைக்குத் தானே போடும் மதிப்பெண்ணும் உண்மைத் திறனும் ஓரளவுக்குத்தான் ஒத்துப்போகின்றன. காரணம் எளிது, ஒப்பீட்டுக் குழுவாகத் தன் வகுப்பைத்தான் வைத்திருக்கும். நாற்பது பேர் வகுப்பில் முதல் ஆள் தன்னை ராமானுஜன் என்று நினைக்கலாம். போட்டி நிறைந்த பள்ளியில் பதினைந்தாவதாக வரும் பிள்ளை தனக்குக் கணக்கே வராது என்று நம்பிவிடலாம். இரண்டாவது நடப்பதுதான் அதிகம் வலிக்கிறது.

ஆகவே இதற்குச் செய்துபார்க்கும் சோதனை வேண்டும். சிபிஎஸ்இயும் என்சிஇஆர்டியும் சேர்ந்து 2019-இல் ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்களுக்காக "தமன்னா" என்று ஒரு இயல்திறன் சோதனையைக் கொண்டுவந்தன. நடிகையை நினைக்க வேண்டாம், ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் அப்படி விழுந்துவிட்டன. மொழி, எண், சொல்லை வைத்து யோசித்தல், வடிவங்களின் ஒழுங்கைக் கண்டுபிடித்தல், இயந்திர இயக்கம், பொருளை மனசுக்குள் திருப்பிப் பார்த்தல், நுணுக்கத்தை வேகமாகக் கவனித்தல் என்று ஏழு பகுதி. இதில் பாஸ், ஃபெயில் கிடையாது. எது பலம், எது கொஞ்சம் மெதுவாக வரும் என்ற ஒரு கோட்டுப்படம் மட்டும் கிடைக்கும். மெதுவாக வருவது என்றால் வராது என்று பொருளில்லை, கூடுதல் நேரம் கேட்கும்.

கையில் வந்த தாளை என்ன செய்வது

இரண்டு மூன்று வார இடைவெளியில் இரண்டு முறை எழுதுங்கள். இரண்டிலும் மேலே நிற்கும் வகைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், தொழில் பெயர்களை விட்டுவிடுங்கள். தொழில் பெயர் என்பது அந்த வகைக்கு அவர்கள் காட்டும் உதாரணம்.

அடுத்து, கண்ணில் படும் கோர்ஸின் சிலபஸை எடுத்து முதல் இரண்டு செமஸ்டரைப் படியுங்கள். இது இலவசம், பெரும்பாலான பல்கலைக்கழகத் தளங்களில் கிடைக்கும், ஆனால் சேருகிறவர்களில் பார்த்தவர்கள் சொற்பம். சைக்காலஜி என்றால் மனசு பற்றிப் பேசுவது என்று நினைத்துச் சேர்ந்து, புள்ளியியல் பாடத்தைப் பார்த்து மிரண்டவர்களை எனக்குத் தெரியும். 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் கீழ் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு நடக்கும் கல்லூரிக் கனவு நிகழ்ச்சிகளுக்குப் போனால், பெயர்கூடக் கேள்விப்படாத படிப்புகளைப் பற்றி நேரில் கேட்கலாம்.

அப்புறம், அந்த வேலையில் நாலைந்து வருடம் இருக்கும் ஒருவரைப் பிடியுங்கள். "உங்க ஃபீல்டுல ஸ்கோப் எப்படி?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஒரே பதிலைச் சொல்வார்கள். "நேத்து காலையிலிருந்து சாயங்காலம் வரை என்ன பண்ணீங்க?" என்று கேளுங்கள். முடிந்தால் அரை நாள் பக்கத்தில் உட்கார அனுமதி வாங்குங்கள்.

பிடிக்கும், வரும் என்பவற்றுக்கு அப்பால், கிடைக்கும், கட்டுப்படியாகும் என்று இன்னும் இரண்டு சொற்கள் இருக்கின்றன. கட்-ஆஃபும் ஃபீஸும் ஹாஸ்டலும் எந்த டெஸ்டுக்கும் தெரியாது. அதை வீடுதான் உட்கார்ந்து பேச வேண்டும், பிள்ளையையும் கூட வைத்துக்கொண்டு.

அண்ணன் மகளை எனக்குத் தெரிந்த ஒரு ஆர்க்கிடெக்ட் ஆபீசில் ஒரு நாள் உட்கார வைத்தோம். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள். "சித்தப்பா, அவர் இன்னைக்கு ஒரு கோடுகூடப் போடல. ஒரு வீட்டு பிளான் நகராட்சி அப்ரூவல் ஆகாம திரும்பி வந்துருச்சாம். பக்கத்து வீட்டுக்கு எத்தனை அடி விடணும், மாடிப்படி எவ்வளவு அகலம்னு ரூல் புக்கையும் பிளானையும் வச்சுக்கிட்டு ஒவ்வொரு அளவா டிக் பண்ணிட்டே இருந்தாங்க. காலையில பத்து மணிக்கு ஆரம்பிச்சது."

"போர் அடிச்சிருக்குமே" என்றார் அண்ணி.

"இல்லம்மா. ரெண்டு மணிக்கு மேல நான்தான் டிக் போட்டேன். ஒரு தப்பு கண்டுபிடிச்சுக் குடுத்தேன்."